கரண்ட் போன மத்தியானமும் திறக்காத ப்ராஜெக்ட் ஃபைலும்

காரைக்குடியிலிருந்து:

ஒலிப்பதிவு மென்பொருளின் ப்ராஜெக்ட் ஃபைல் திறக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கு என் அனுபவம் இது. போன மார்கழியில் நடந்தது. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. பரம்பரையாகப் பாடி வரும் தாலாட்டுகள் அவருக்கு மனப்பாடம். எழுதி வைத்தவர் யாரும் இல்லை. "அண்ணே, ஆச்சி தெம்பா இருக்கும்போதே எடுத்துடணும்" என்று பேரன் கூப்பிட்டார். லேப்டாப், அதில் மைக்கை இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் எடுத்துக்கொண்டு போனேன்.

ஆச்சியை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார வைத்தோம். ஒரு மைக் ஆச்சிக்குப் பக்கத்தில். இன்னொன்று நாலு தூண் தள்ளி, அந்த இடத்தின் ஒலிக்காக. ஆத்தங்குடிக் கல் தரையும் தேக்குத் தூண்களும் நடுவில் வானம் பார்த்த முற்றமும் சேர்ந்து குரலுக்குக் கொடுக்கிற கார்வையை ஒலி மென்பொருளோடு சேர்க்கிற எந்த பிளகினிலும் நான் கேட்டதில்லை. முற்றத்துப் புறாச் சத்தமும் விழுந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பதிவு செய்த மென்பொருள் ரீப்பர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை சேவ் செய்தேன். அதற்கப்புறம் நாலு டேக் சேவ் செய்யாமலே ஓடின. பாட்டுக்கு நடுவில் கதை, கதைக்கு நடுவில் பாட்டு என்று ஆச்சி சொல்லிக்கொண்டே போனார், நானும் அதில் மூழ்கிவிட்டேன். ஐந்தாவது டேக்கில் தண்ணீர் குடிக்க அவர் நிறுத்தியபோது, பதிவை நிறுத்தாமலே கண்ட்ரோல் எஸ் அழுத்தினேன். விரலை எடுப்பதற்குள் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. யூபிஎஸ்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இரண்டும் என் தவறுதான்.

கரண்ட் வந்து ஃபைலைத் திறந்தால், இது ப்ராஜெக்ட் ஃபைலே இல்லை என்று மென்பொருள் சொல்கிறது. ஆச்சியோ, "இன்னைக்கு இவ்வளவுதான் தம்பி, மூச்சு வாங்குது. இனிமே பாடச் சொல்லாதீங்க" என்று உள்ளே போய்விட்டார். வயிறு கலங்கிவிட்டது.

அங்கே எதையும் நோண்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஃபோல்டர் முழுவதையும் வேறொரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தேன். மூலத்தைத் தொடாமல் நகலில்தான் மற்ற வேலை. இதை யாரும் தவிர்க்க வேண்டாம். பதற்றத்தில் பாதி திறந்த ப்ராஜெக்டை மறுபடி சேவ் செய்து, இருந்ததையும் அழித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைலான ஆர்பிபி வெறும் எழுத்துதான், நோட்பேடிலேயே படிக்கலாம். எந்த டிராக்கில் எந்த ஒலி ஃபைல் எத்தனையாவது நொடியில் வருகிறது, எந்த எஃபெக்ட் போட்டிருக்கிறது என்று வரி வரியாக இருக்கும். என் ஃபைலை நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறந்தால் ஒரு எழுத்துகூட இல்லை. முதலிலிருந்து கடைசி வரை நல், நல், நல். அதாவது எல்லாம் பூஜ்யம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பு, ஃபைலின் பெயர், அளவு போன்ற விவரங்களைத்தான் குறிப்பேடு போட்டுக் காப்பாற்றுகிறது, உள்ளடக்கத்தை அல்ல. அளவு பதிவாகி, எழுத்து டிஸ்கில் இறங்குவதற்குள் கரண்ட் போனால் இப்படித்தான் ஆகும். ஃபைல் அளவு சரியாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதைச் சரிசெய்ய வழி இல்லை, சரிசெய்ய அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் ப்ராஜெக்ட் ஃபைல் என்பது வீட்டுப் பத்திரம் மாதிரி. பத்திரம் கிழிந்தால் வீடு இடிந்துவிடாது. ஒலி தனியாக வேவ் ஃபைல்களில் இருக்கிறது. அதே ஃபோல்டரில் ஆர்பிபி-பேக் என்று முடியும் ஒரு ஃபைலும் இருந்தது. ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் அதற்கு முந்தைய நிலையை ரீப்பர் அந்தப் பெயரில் ஒதுக்கி வைக்கும். அதைத் திறந்ததும் சாப்பாட்டுக்கு முன் எடுத்த அத்தனையும் வந்துவிட்டது.

மத்தியானத்து நாலு டேக்குகளும் வேவாகக் கிடந்தன. பெயரிலேயே தேதியும் மணியும் இருந்ததால் எது முன், எது பின் என்று குழப்பமில்லை. இழுத்துப் போட்டு வரிசைப்படுத்த அரை மணி நேரம் ஆனது.

ஐந்தாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஃபைல் அளவு 214 எம்பி, நீளம் 0 நொடி என்று காட்டியது. வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் ஒலி எவ்வளவு நீளம் என்று ஓர் எண் இருக்கும். பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் அந்த எண் முழுமையாகும். நிறுத்தாமலே இயந்திரம் அணைந்தால், உள்ளே ஒலி இருந்தும் தலைப்பு 'ஒன்றுமில்லை' என்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. நொடிக்கு 1,44,000 பைட். 214 எம்பி என்றால் ஏறக்குறைய 26 நிமிடம். ஆச்சி பாடிய நேரமும் அவ்வளவுதான்.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 'ரா டேட்டா' இம்போர்ட் என்று ஒரு வழி உண்டு. தலைப்பை நம்பாமல் பைட்டுகளை அப்படியே ஒலியாக எடுத்துக்கொள்ளும். 24 பிட், லிட்டில் எண்டியன் (பைட்டுகளின் வரிசை), மோனோ, 48,000 என்று கொடுத்து இறக்கினேன். ஸ்பீக்கரே கிழிகிற மாதிரி இரைச்சல். போய்விட்டது என்று நினைத்து எழுந்தேன், அப்புறம்தான் உறைத்தது. 24 பிட் என்றால் ஒரு சாம்பிளுக்கு, அதாவது ஒலியின் ஓர் அளவீட்டுக்கு, மூன்று பைட். தலைப்பகுதியின் நீளம் மூன்றால் வகுபடாவிட்டால் எல்லாச் சாம்பிளும் இடறிப் போகும். எத்தனை பைட் தள்ளித் தொடங்குவது என்று கேட்கும் 'ஸ்டார்ட் ஆஃப்செட்' என்ற இடத்தில் 1 கொடுத்தேன். இரைச்சல். 2 கொடுத்தேன். ஆச்சி பாடினார்.

தொடக்கத்தில் தலைப்பு பைட்டுகள் ஒரு சின்ன 'டிக்' சத்தமாக வந்தன. கடைசி சில நொடிகள் வெறும் அமைதி. அதை வெட்டினால் போதும். இரண்டாவது மைக்கின் ஃபைலும் அதே 2-க்கு வந்துவிட்டது. முதலில் ஹெட்போன் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த இரைச்சல் காதுக்கு நல்லதல்ல.


தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, அந்த மூன்று பைட் விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என்னுடைய மென்பொருள் ஏபிள்டன் லைவ். ப்ராஜெக்டை பென்டிரைவிலேயே வைத்து வேலை செய்து, 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினேன். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்த பென்டிரைவ். அதில் என்டிஎஃப்எஸ் போல குறிப்பேடு எதுவும் கிடையாது. மறுநாள் ஃபைல் திறக்கவில்லை. செருகியதும் 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று விண்டோஸ் கேட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் நகல் எடுத்தேன். அந்தச் சரிசெய்தல் சில நேரம் பாதி ஃபைலை வெட்டித் துண்டாக்கிவிடும்.

லைவின் ப்ராஜெக்ட் ஃபைலான ஏஎல்எஸ் என்பது ஜிஜிப் முறையில் சுருக்கிய எக்ஸ்எம்எல் என்ற எழுத்து ஃபைல். நகலை 7-ஜிப்பில் விரித்தால் பாதி வரை வந்து நின்றது. அதிலிருந்து எந்தெந்த ஒலித்துண்டைப் பயன்படுத்தினேன் என்ற பெயர்களை மட்டும் படித்துக் குறித்துக்கொண்டேன். வெட்டுப்பட்ட எக்ஸ்எம்எல்லைக் கையால் முடித்துத் திறக்க ஒரு ராத்திரி முழுவதும் முயன்றேன், முடியவில்லை. அந்த நேரத்துக்கு ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் 'பேக்அப்' என்ற ஃபோல்டரை முதலிலேயே பார்த்திருக்கலாம். பழைய சேவ்கள் தேதியோடு அடுக்கி இருந்தன. கடைசியாக இருந்ததைத் திறந்தேன். நாற்பது நிமிட வேலை மட்டும் போனது. இப்போதெல்லாம் பென்டிரைவ் கொண்டுபோகத்தான், வேலை செய்ய இல்லை.


பள்ளத்தூரிலிருந்து:

என் கதையில் ஃபைல் கெடவே இல்லை. அது தெரியாமல் இரண்டு நாள் அதைப் போட்டுப் படுத்தினேன்.

ஒரு சாந்திக் கல்யாணத்தில் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், சுருதி, தாளம் என்று தனித்தனி மைக்கில் எடுத்தோம். க்யூபேஸ் மென்பொருளில் மிக்ஸிங் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ப்ராஜெக்டைத் திறந்தால் முக்கால்வாசி ஏறி, மென்பொருளே மூடிக்கொள்கிறது. க்யூபேஸ் தானாகச் சேவ் செய்யும் பேக் ஃபைல்கள் அதே ஃபோல்டரில் இருக்கும். அதில் ஒன்றைத் திறந்தேன், அதுவும் மூடியது. இன்னொன்றும் அப்படியே. நாலு நாள் முந்தியதும் அப்படியே.

அப்போதுதான் என் தம்பி கேட்டான்: "நாலு நாள் முந்தி நல்லாத் திறந்த ஃபைல், சும்மா கிடந்தபோது எப்படிண்ணே கெடும்?" நியாயமான கேள்வி. எல்லா நகலும் ஒரே இடத்தில் விழுந்தால் தப்பு நகலில் இல்லை. அந்த வாரம் ஒரு பிளகினைப் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தேன். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், விஎஸ்டி3 ஃபோல்டருக்குள் போய் அந்த ஒன்றை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகர்த்தினேன். ப்ராஜெக்ட் திறந்தது. பிளகின் காணோம் என்று ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். தவிலில் ஒரு அடிகூடப் போகவில்லை.

எந்தப் பிளகின் என்று தெரியாவிட்டால் ஃபோல்டரில் பாதியை நகர்த்திப் பாருங்கள். திறந்தால் குற்றவாளி அந்தப் பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். ஐம்பது பிளகின் இருந்தாலும் ஆறு முறைக்குள் முடிந்துவிடும். ரீப்பரில் இது இன்னும் சுலபம். ஃபைலைத் திறக்கும் பெட்டியிலேயே எஃபெக்ட்டுகளை ஆஃப்லைனில் வைத்துத் திறக்க ஒரு டிக் இருக்கிறது.


பொன்னமராவதியிலிருந்து:

ஆடாசிட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021-இல் வந்த 3.0-இலிருந்து ப்ராஜெக்ட் முழுவதும் ஏயுபி3 என்ற ஒரே ஃபைல். மேலே சொன்ன பத்திரக் கணக்கு இங்கே செல்லாது, ஒலியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அது எஸ்கியூலைட் தரவுத்தளம். திறந்திருக்கும்போது பக்கத்தில் அதே பெயரில் 'வால்' (wal) என்று முடியும் இன்னொரு ஃபைல் வரும், புது வேலை முதலில் அதில்தான் எழுதப்படும். ஓர் ஓதுவார் ஐயா பாடிய தேவாரப் பதிவை ஆடாசிட்டியை மூடாமலே நகல் எடுத்து, ஏயுபி3-ஐ மட்டும் கொண்டுபோனேன். போன இடத்தில் கடைசிப் பதிகம் இல்லை. நல்லவேளை, வீட்டுக் கணினியில் எதையும் அழிக்கவில்லை. மென்பொருளை மூடிவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும். முக்கியமான பதிவென்றால் உடனே வேவாகவும் ஏற்றுமதி செய்துவிடுகிறேன்.


கண்டனூரிலிருந்து:

எல்லோரும் பெரிய அனுபவம் சொல்கிறீர்கள். எனக்கு ப்ராஜெக்ட் திறக்கிறது, டிராக் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒலி அலையின் படமே இல்லை, சத்தமும் இல்லை. இதுவும் கெட்டுப்போனதுதானா?


காரைக்குடியிலிருந்து:

கெடவில்லை தம்பி, பயப்படாதீர்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்திருந்தால் டிரைவ் எழுத்து மாறியிருக்கும். முன்பு 'இ', இப்போது 'எஃப்' என்று. ப்ராஜெக்ட் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கிறது. ஒலி ஃபைல்கள் அந்த டிஸ்கில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மென்பொருள் கேட்கும்போது ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும். அப்புறம் எல்லா ஒலியையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே நகல் எடுத்து சேவ் செய்துவிடுங்கள்.

ஒருவேளை ஒலி ஃபைலையே அழித்திருந்தால் அந்த டிஸ்கில் இனி எதையும் எழுத வேண்டாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி வேவ் ஃபைல்களைத் தேடி எடுக்கும், பெயர் மட்டும் வராது. எஸ்எஸ்டி என்றால் 'ட்ரிம்' என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும், நம்பிக்கை குறைவு.

ஆச்சி விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மொத்தம் பதினான்கு தாலாட்டு தேறின. தையில் பென்டிரைவில் போட்டுக்கொண்டு நேரில் போய்க் கொடுத்தேன். வளவிலேயே ஸ்பீக்கர் வைத்துக் கேட்டோம். பேரன் கண் கலங்கிவிட்டார். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, கூடவே பாடிக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இதுல மாமன் சீர் வர்ற அடியை விட்டுட்டேனே தம்பி. அந்தப் பெட்டியக் கொண்டாந்துருக்கீகளா?"

கொண்டுபோயிருந்தேன். யூபிஎஸ்ஸையும்.