புதுப்பிப்பு: கொடுவாக் கூட்டில் ஒட்டுண்ணி, நன்னீர்க் குளியல் கைகொடுத்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் வலைக் கூட்டில் நான் வளர்க்கும் கொடுவா மீன்கள் வலையில் உடம்பை உரசுகின்றன, கண் மங்குகிறது, ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் துப்புரவு மீன் விடலாமா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நோர்வே, ஸ்கொட்லாந்துக்காரர் சல்மன் மீனில் ஒட்டும் பேனைத் தின்ன விடும் துப்புரவு மீன்கள் குளிர்கடல் மீன்கள், நம் சூட்டுக்குத் தாங்காது, உங்களுடையது பேன் இல்லை, தோலில் ஒட்டி வாழும் தட்டைப்புழு என்று ஒரு அண்ணா எழுதினார். அதுதான் சரி. அவர் சொன்னபடி பவுசரில் நன்னீர் எடுத்து, டாங்கியில் காற்றுக் குழாய் போட்டு, மீன்களைப் பத்து நிமிடம் விட்டேன். புழுக்கள் வெள்ளையாகி உதிர்ந்தன, அதுவரை அவை கண்ணுக்கே தெரியவில்லை.

எதிர்பாராதது, ஒரு வாரத்தில் திரும்ப உரசத் தொடங்கின. முட்டைகள் வலையில் சிக்கிக்கொண்டு இருக்கும், நன்னீர் அவற்றைக் கொல்லாது. வலையை மாற்றி, பழையதை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, எட்டாம் நாள் மறுபடி குளிப்பாட்டிய பிறகுதான் நின்றது.

அப்புறம், இன்னொருவர் சொன்ன ஓரா மீன் இருபது விட்டிருக்கிறேன். அது புழுவைத் தின்னாது, வலைப் பாசியைத்தான் மேயும், ஆனால் பாசி குறைந்ததால் கூட்டுக்குள் நீரோட்டம் நன்றாகிவிட்டது. பிடிக்கும்போது கவனம், முள் குத்தினால் கடுமையாகக் கடுக்கும்.