மின்வாயில் மின்னூட்டம் பெறும் துளி: கலைச்சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

எண்ணெயில் உள்ள நீர்த்துளி மின்வாயை (மின்னழுத்தம் தரப்பட்ட உலோக முனையை) தொட்டதும் மின்னூட்டம் பெற்று, எதிர் மின்வாய்க்கு விரைகிறது. அங்கே குறி மாறித் திரும்புகிறது. மின்னூட்டம் பெறும் இந்த நிகழ்வைத் ‘தூண்டல் மின்னூட்டல்’ எனலாமா? தொட்ட பின் நடக்கும் ஓட்டத்துக்கு, மின்னூட்டத் துகள் மின்புலத்தில் நகர்வதற்குப் பாடநூலில் உள்ள ‘மின்முனைக்கவர்ச்சி’ பொருந்துமா?

—

ஐயா,

> தூண்டல் மின்னூட்டல்

இது வேண்டாம். தூண்டல் மட்டும் நடந்தால் துளியின் அயனிகள் இருபுறம் ஒதுங்கும்; நிகர மின்னூட்டம் சுழியாகவே இருக்கும். இங்கே மின்வாயிலிருந்து நிகர மின்னூட்டம் துளிக்குள் வருகிறது. வெறும் ‘தொடுகை மின்னேற்றம்’ என்றாலும் குழப்பம்தான். புற மின்புலம் இல்லாமலே இரு பொருள்கள் தொட்டுப் பிரிவதால் தோன்றும் மின்னேற்றத்தையும் அப்படித்தான் எழுதுகிறோம். எனவே ‘மின்வாய்த் தொடுமின்னூட்டல்’ என்பது என் பரிந்துரை.

அளவு எவ்வளவு? தட்டையான மின்வாயைத் தொடும் கடத்துக் கோளத்துக்கு மாக்ஸ்வெல் காலத்திலிருந்தே கணக்கு உண்டு: மின்னூட்டம் ஆரத்தின் இருமடிக்கும் புலத்துக்கும் எண்ணெயின் விடுதிறனுக்கும் நேர்விகிதம். சிலிக்கோன் எண்ணெயில் (ஒப்பு விடுதிறன் 2.7) 1 மி.மீ. விட்டத் துளி, சென்டிமீட்டருக்கு 3 கிலோவோல்ட் புலம் என்றால் ஏறத்தாழ 37 பிக்கோகூலும். அயனி நீக்கிய நீரே ஆனாலும் மின்னூட்டம் பரவ ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரம் போதும். ஆகவே நீரைக் கடத்தியாகக் கொள்வதில் தவறில்லை.

—

‘தொடு’ என்பதில் எனக்கு ஒரு தயக்கம். துளி நெருங்கும்போது இடையில் உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் புலம் குவிந்து, முழுதாகத் தொடும் முன்பே பொறி பாயலாம். உலோகத்தில் நுண்குழிகள் விழுவது அதனால்தான். மாறாக, படலம் வடியாமல் பொறியும் பாயாமல் இருந்தால் துளி மின்வாய்க்கு அருகிலேயே மின்னூட்டமின்றி நிற்கும். முழுதாகத் தொட வேண்டும் என்றோ, அருகில் வந்தாலே போதும் என்றோ இந்தச் சொல்லால் எண்ணிவிடக் கூடாது.

—

நியாயமான கேள்வி. ஆனால் பொறியும் மின்தொடர்பே. வரையறையில் ‘நேரடியாகவோ பொறி வழியாகவோ’ என்று சேர்த்தால் சொல் நிற்கும். சோதனைக்குறிப்பு எழுதுவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நீர் ஒட்டும் உலோகமானால் துளி பரவி அங்கேயே தங்கிவிடும். அதற்காக நீர்விலக்கி பூசும்போது, பூச்சு இடைவெளியற்ற காப்புப் படலமாகிவிட்டால் மின்னூட்டமே ஏறாது. அளவிட, மின்வாயை எலெக்ட்ரோமீட்டரோடு (மிகச் சிறிய மின்னூட்டத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் கருவி) இணைத்து, தொடும் கணத்து மின்னோட்டத் துடிப்பைக் காலத்தோடு தொகையிடுங்கள். வேகத்திலிருந்து கணிப்பதானால் நடுப்பகுதி வேகத்தை மட்டும் எடுங்கள். மின்வாய்க்கு அருகே எண்ணெயின் தடைவிசை மாறும்.

இரண்டாவது கேள்விக்கு: ‘மின்முனைக்கவர்ச்சி’ பொருந்தாது. மின்வாய் துளியைக் கவர்வது தொடும்வரைதான்; தொட்டதும் விலக்குகிறது. ‘தொடுமின்னூட்டப் பெயர்ச்சி’ என்றால் மின்னூட்டம் பெறுவது, ஓடுவது இரண்டும் அடங்கும்.