மறு: ரீ-ரியூப், கொலாஞ்சியோகிராம் - தமிழில என்ன வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம், திருகோணமலைல இருந்து. நோயாளிக்குக் குடுக்கிற குறிப்புக்கு ரெண்டு சொல் தேடுறம்: ரீ-ரியூப் எண்டா ஈரல்ல இருந்து பித்தம் போற வழிக்குள்ள வைக்கிற T வடிவக் குழாய், கொலாஞ்சியோகிராம் எண்டா அந்த வழிக்குள்ள மருந்து விட்டு எடுக்கிற எக்ஸ்ரே படம். நாலஞ்சு நாளா சும்மா வாசிச்சுக்கொண்டுதான் இருந்தன், கோயம்புத்தூர் ஐயாட கடைசி மடலைப் பார்த்த பிறகு எழுதாம இருக்க ஏலாமப் போச்சு.

> டி-குழாய், பித்தநாள வரைபடம். இவற்றையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா கோவிக்கக் கூடாது, உங்கட 'நாளம்' இங்க சரிவராது. நாங்க பள்ளிக்கூடத்தில நாடி, நாளம் எண்டு படிச்ச ஆக்கள், நீங்க தமனி, சிரை எண்டுறதுதான் அது. அப்ப பித்தநாளம் எண்டா ஓ.எல் படிக்கிற பிள்ளைக்குப் பித்தம் ஓடுற ஏதோ ஒரு இரத்தக்குழாய் எண்டுதான் விளங்கும். எங்கட புத்தகத்தில பித்தக்கான். நீங்க நாளமில்லாச் சுரப்பி எண்டுறத நாங்க கானில் சுரப்பி எண்டுறதும் அதே கான்தான். ரோட்டோரம் மழைத்தண்ணி ஓடுறதுக்கும் இங்க கான் எண்டுதான் பேர், மாரில கான் அடைச்சு முத்தத்துக்குத் தண்ணி ஏறுறத உவர்மலையில இருந்து உப்புவெளி வரைக்கும் பார்க்காத ஆள் இல்ல, அதால பித்தக்கான்ல கல் அடைச்சு செங்கமாரி (மஞ்சள் காமாலை) வந்திச்சு எண்டா மேல விளக்கமே தேவைப்படாது.

இனி ரீ-ரியூப். போன வருசம் எங்கட பெரியம்மாவுக்குப் பித்தப்பையும் எடுத்து, கானை வெட்டி அதுக்குள்ள கிடந்த கல்லையும் எடுத்து ரியூப் போட்டு விட்டவங்க. வீட்ட வரேக்க தந்த தாள்ல 'வெளியேற்றற் குழாயினை உரியவாறு பேணுக' எண்டு இருந்திச்சு. நல்ல சுத்தத் தமிழ், ஆனா என்ன செய்யச் சொல்லுறாங்க? மச்சாள் பேணுறதுதானே எண்டு பித்தம் வடிஞ்சு விழுற பாக்கை பெரியம்மாட தலகணிக்குப் பக்கத்தில பத்திரமா வச்சுப்போட்டுப் படுத்திட்டா. விடிய எழும்பிப் பார்த்தா பாக்குக்குள்ள ஒண்டுமில்ல, ரியூப்பைச் சுத்திப் போட்ட துணி முழுக்க மஞ்சளும் பச்சையுமா ஊறிப்போய்க் கிடக்கு. ஓடிப்போய்க் காட்டினா அங்க ஒரு நேர்ஸ் மிஸ்ஸி கேட்டா ஒரே ஒரு கேள்வி, "கஞ்சி வடிக்கேக்க சட்டிய கீழ வைப்பீங்களா மேல வைப்பீங்களா?" அவ்வளவுதான். அதுக்குப் பிறகு பெரியம்மாவே பாக் இடுப்புக்குக் கீழ தொங்குதா எண்டு பார்த்துக்கொண்டா, பாதி நிறைஞ்சதும் ஊத்தச் சொன்னா, எத்தின மில்லிலீற்றர் எண்டு கிளினிக் கொப்பியில எழுதவும் வச்சா. முதல் நாட்கள்ல முந்நூறு நானூறு வரும், உள்ளுக்க வீக்கம் வத்த வத்த பித்தம் குடலுக்குப் போகத் தொடங்கும், பாக்குக்கு வாறது குறையும்.

அதால சொல்லுறன், 'வடி' எண்ட சொல்லைக் கைவிடாதீங்க. வெளியேற்றல் எண்டதில மேல கீழ எண்டு ஒண்டுமே இல்ல. வடிகுழாய் எண்டாலே பாக் எங்க இருக்கவேணும் எண்டு சொல்லுக்குள்ளயே கிடக்கு.

'ரீ'யைத்தான் என்ன செய்யிறது எண்டு தெரியேல்ல. பெரியம்மாவுக்கு ரீ-ரியூப் எண்டா தேத்தண்ணி ரியூப், பாக்குக்குள்ள இருந்ததும் பிளேன்ரீ நிறம்தான், அவவைப் பிழை சொல்லேலாது. தமிழில அந்த வடிவத்துக்கு எழுத்தும் இல்ல. ஹான்ஸ் கேர் எண்ட ஜேர்மன் டொக்டர்ட பேரால கேர் குழாய் எண்டும் சொல்லுவாங்க, அது இன்னும் மோசம், கேட்கிற ஆக்கள் 'யார் கேக்கிற' எண்டுவாங்க. என்ட யோசனை 'முச்சந்தி வடிகுழாய்'. குறுக்குக் கை ரெண்டும் கானுக்குள்ள, ஒண்டு ஈரல் பக்கம் மற்றது குடல் பக்கம், நீளக் கை வயித்தால வெளிய. முச்சந்திதானே?

கொலாஞ்சியோகிராமுக்கு வாறன். 'சாயப்படம்' வேண்டாம், அயடீன் சேர்ந்த அந்த மருந்து தண்ணி மாதிரித் தெளிவானது, எதையும் சாயம் பிடிக்க வைக்காது. 'நிழற்படம்' எண்டா மருந்து போன இடம் படத்தில வெள்ளையா எல்லோ தெரியுது. பக்கத்துக் கட்டில்ல இருந்த மூதூர்க் காக்கா (முஸ்லிம் அண்ணன்) சொன்னது "குழாய்க்குள்ள மருந்து உட்டுப் படம் புடிச்சாங்க". அதைத்தான் கொஞ்சம் சுருக்கினன்: குழாய்வழிப் பித்தக்கான் படம். இதில ஒரு வசதி இருக்கு, ஈ.ஆர்.சி.பி (வாயால கமராக் குழாய் விட்டு எடுக்கிறது) எண்டா வாய்வழி, ஊசியால ஈரலுக்குள்ள போறது தோல்வழி, எல்லாம் ஒரே குடும்பமா நிக்கும். எம்.ஆர்.ஐ மெசின்ல எடுக்கிற எம்.ஆர்.சி.பிக்குக் காந்தவழி எண்டு சொல்லலாமா தெரியேல்ல, அதை இன்னொரு நாளைக்குப் பார்ப்பம்.

----

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். கான், வடி, குழாய்வழி மூண்டுக்கும் என்ட கை மேல. முச்சந்தி மட்டும் வேண்டாம் தம்பி. கண்ணூறு, பேய் எண்டு கழிப்புக் கழிக்கிற இடத்தின்ட பேரை வயித்துக்குள்ள வச்சிருக்க எந்தக் கிழவி சம்மதிக்கும்? அதோட நாங்க வார்டில சேலைன் லைன்ல போடுற திறப்பைத் த்ரீ-வே எண்டுதான் கூப்பிடுறம், மாறிப்போகும். இன்னொண்டு, படம் எடுக்க முதல் குழாய்க்குள்ள காத்துக் குமிழ் இல்லாமப் பார்க்கிறது ஏன் எண்டும் குறிப்பில சேருங்க, குமிழ் படத்தில கல் மாதிரியே தெரியும். குழாயை மூடக் கிளிப் போட்ட பிறகு காய்ச்சலோ நடுக்கமோ நோவோ வந்தா உடன காட்டவேணும் எண்டதும் வரவேணும்.

----

அக்கா, கழிப்பு எனக்கு ஓடவே இல்ல, சிரிச்சுப்போட்டன். அப்ப முச்சந்தியைத் தூக்குறன். 'கவட்டு வடிகுழாய்' எப்பிடி? கவட்டைத் தடி எண்டா சின்னப் பிள்ளைக்கும் வடிவம் தெரியும், ஆனா அது வை (Y) மாதிரி, ரீ (T) இல்ல எண்டு கோயம்புத்தூர் ஐயா வருவார். வரட்டும். அதுவரைக்கும் குறிப்பில 'பித்த வடிகுழாய்' எண்டு போட்டு வைக்கிறன், சலம் போற குழாயோட மாறாம இருந்தாச் சரி.