மறுமொழி: வண்ணம் பூசிய கார் தகட்டில் சின்னம் பொருத்தும் துளை – கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். 1960களின் கார்களைப் பற்றிய நம் கையேட்டு வரைவில் வரும் கலைச்சொற்கள் குறித்து எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> சின்னம் பொருத்தப் போடும் துளைக்கு 'இலச்சினைத்துளை' சரியா, 'சின்னத்துளை' சரியா?

இலச்சினைத்துளைதான். 'சின்னத்துளை' என்றால் சிறிய துளை என்றே காதில் விழும். உண்மையிலேயே சிறிய துளை என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

> 'பைலட் துளை'க்கு 'முன்னோடித் துளை'?

'முன்துளை' போதும். துளைக்கருவியில் முதலில் மெல்லிய பிட், பிறகு அதே இடத்தில் பெரிய பிட். வேலையின் வரிசையே பொருளைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் பெயர் மிகவும் தேவைப்படும் ஒன்றை இந்த விவாதத்தில் யாரும் தொடவில்லை. துளையிட்டதும் அதன் ஓரத்தில் வளையமாகத் தெரியும் பூச்சற்ற உலோகத்தைச் சொல்கிறேன். காரின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர்தான். இன்றைய ஆலைகளில் துளைகளை முதலில் குத்திவிட்டு, முழு உடற்கூட்டையும் பூச்சுத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பூச்சு ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் படிந்துவிடுகிறது. வண்ணம் காய்ந்த பிறகு நாம் போடும் துளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. துரு அந்த ஓரத்தில் தொடங்கி வண்ணத்தின் அடியில் ஊர்ந்து பரவும். சின்னத்தின் பின்னால் நீர் தேங்கும், மேலே சின்னம் மூடியிருக்கும். ஆகவே வண்ணம் கொப்பளித்து வெளியே தெரியும்போது உள்ளே வெகுதூரம் அரித்திருக்கும்.

துளையின் ஓரத்தில் துருத்தி நிற்கும் கூரிய உலோகத் துணுக்குக்குப் பட்டறையில் 'பிசிறு' என்ற அருமையான சொல் இருக்கிறது. நம் கையேட்டு வரைவும் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் 'துளையிட்டு, பிசிறு நீக்கி, சின்னத்தைப் பொருத்தவும்' என்று எழுதி நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டது. பிசிறு போன பின் எஞ்சும் ஓரத்துக்கும் ஒரு பெயர் இருந்திருந்தால் இப்படித் தாண்டியிருக்க முடியாது.

'பச்சைவிளிம்பு' என்று சொல்ல எனக்கு ஆசைதான். பச்சைப்புண், பச்சைமண் என்பவற்றின் வலு அதில் இருக்கிறது. ஆனால் வண்ண வேலையைப் பற்றிய நூலில் பச்சை என்றால் நிறமாகவே படிப்பார்கள். 'அம்மண விளிம்பு' வேண்டவே வேண்டாம். வெறுங்கால், வெறுந்தரை, வெறுவயிறு என்ற வரிசையில் 'வெறுவிளிம்பு' என்பது என் பரிந்துரை. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"பிசிறு நீக்கியதும் வெறுவிளிம்பைத் துடைத்து, துருத்தடுப்பு பிரைமரை நுண்தூரிகையால் தொட்டு வைக்கவும். காய்ந்தபின் வண்ணம் தீட்டவும். தகட்டின் பின்பக்க வெறுவிளிம்பையும் விட்டுவிடக் கூடாது."

> துத்தநாகம் பூசிய தகட்டில் விளிம்பு துருப்பிடிக்காதே?

துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். ஆனால் அது தீரும் வரைதான். மேலும் நம் கையேடு பேசும் 1960களின் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் துத்தநாகப் பூச்சே இல்லை.

கலைச்சொல்லோடு சேராவிட்டாலும் வரைவில் இன்னும் மூன்று திருத்தங்கள் அவசியம் என்று கருதுகிறேன். சின்னத்தின் பின்னால் நீட்டிக்கொண்டு துளைக்குள் போகும் முளையைவிடத் துளை ஒரு மயிரிழை அகலமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் முளை உள்ளே போகும்போதே புதிய பூச்சைச் சுரண்டிவிடும். அடுத்தது, துளையிடும்போது சிதறும் இரும்புத்தூளை உடனே நீக்கச் சொல்ல வேண்டும். வண்ணத்தின்மேல் கிடந்து ஈரம் பட்டால் அது துருப்புள்ளியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றுத் தகடு துளையில்லாமல் வந்தால் வண்ணம் அடிப்பதற்கு முன்பே துளைகளைப் போட்டுவிட வேண்டும் என்பதை அத்தியாயத்தின் முதல் வரியாகவே வைக்கலாம். முளையில்லாத சின்னத்துக்கு இருபக்க ஒட்டுநாடா போதும், தகட்டைத் தொடவே வேண்டாம்.

துருவைத் தடுக்கத் தகட்டின் உட்புறம் தெளிக்கும் மெழுகுக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. 'குழிவு மெழுகு' எனக்கு ஒட்டவில்லை, 'உள்மெழுகு' பரவாயில்லை. டிங்கரிங் பட்டறைகளோடு பழக்கமுள்ளவர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.