துண்டுத்துணிக் கீற்றுகளில் போர்வை: அடியில் தாள் வைப்பதா, துணி வைப்பதா?

கேள்வி – செம்பூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுத்து வருகிறேன். ரவிக்கைத் துணியையும் லைனிங்கையும் வெட்டியபின் மிஞ்சும் நீளக் கீற்றுகள், அரை அங்குல அகலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை, பைபையாகச் சேர்ந்துவிட்டன. ஸ்ட்ரிங் குவில்ட் என்ற முறையில், இத்தகைய கீற்றுகளை ஒரு சதுரத்தின்மேல் மூலைக்கு மூலை சாய்வாக அடுத்தடுத்துத் தைத்து, அந்தச் சதுரங்களை இணைத்துப் போர்வையாக்குகிறார்கள் என்று அறிந்தேன். சிலர் சதுரத்தின் அடியில் தாளை வைத்துத் தைத்துப் பின்னர் கிழித்தெடுக்கிறார்கள். சிலர் துணியை வைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். எது நமக்கு ஏற்றது? அடி என்ற ஒன்று தேவைதானா? பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து கிடக்கும் கீற்றுகளை ஒரே போர்வையில் சேர்க்கலாமா? மும்பை மழைக்காலத்தில் துவைத்தாலும் வீட்டுக்குள் உலரக்கூடிய போர்வையாக அது இருக்க வேண்டும். பஞ்சு அடைத்த கனமான ரஜாய் எங்களுக்குப் பயன்படாது.

பதில் – மாட்டுங்காவிலிருந்து

அடி கட்டாயம் வேண்டும், சகோதரி. காரணம் தெரிந்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். கீற்றுகள் சாய்வாகச் செல்வதால், சதுரத்தின் நான்கு ஓரங்களும் துணியின் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வான திசையில், வந்து விழுகின்றன. கிராஸில் வெட்டிய துணி எப்படி இழுபடும் என்பதை ரவிக்கை தைக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேர்நூலில் வெட்டிய அடித்துணி அந்த ஓரங்களை இழுபடாமல் பிடித்துக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் சதுரங்களை இணைக்கும்போது போர்வை முழுவதும் அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

உங்கள் தேவைக்குத் துணியையே பரிந்துரைக்கிறேன். பலமுறை துவைத்து மென்மையாகிவிட்ட பழைய வேட்டியைவிடச் சிறந்த அடித்துணி கிடையாது. அது சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடிந்திருக்கும். புதிய காடாத் துணியை மங்கள்தாஸ் மார்க்கெட்டில் வாங்குவதானால், வெட்டுவதற்கு முன் வெந்நீரில் நனைத்து உலர்த்திவிடுங்கள். அடித்துணி போர்வைக்குள்ளேயே நின்றுவிடுவதால், பஞ்சோ வேறு நடு அடுக்கோ தேவைப்படாது. மேல்புறம், அதனோடு ஒட்டிய அடித்துணி, முதுகுக்கு ஒரு பழைய பருத்திப் புடவை என்ற அளவில் நிறுத்தினால், மின்விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் பஞ்சு வைத்த போர்வை ஈரத்தை உள்ளே தேக்கிப் பூஞ்சை வாடை பிடிக்கும்.

தைக்கும்போது இழுப்பதால் அடித்துணி சற்றுச் சுருங்கும் என்பதால், முடிந்த சதுரம் எட்டரை அங்குலம் இருக்க வேண்டுமானால் அடித்துணியை ஒன்பது அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். முதல் கீற்றை நல்ல பக்கம் மேலே தெரியும்படி மூலைக்கு மூலை வையுங்கள். இரண்டாவது கீற்றை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு அதன்மேல் ஓரத்தோடு ஓரம் பொருத்திக் கால் அங்குலத்தில் தைத்து, திருப்பி இஸ்திரி போட்டு, அடுத்ததற்குச் செல்லுங்கள். நடுக் கீற்றுக்கு மட்டும் பதின்மூன்று அங்குல நீளம் தேவை. மூலையை நெருங்க நெருங்க மூன்று, நான்கு அங்குலத் துண்டுகளே போதும். எனவே கீற்றுகளை நிறத்தின்படி பிரிப்பதைவிட நீளத்தின்படி பிரித்து வைத்துக்கொள்வது வேலையை மிகவும் விரைவாக்கும். மூலையில் வரும் கடைசிக் கீற்று அகலமானதாக இருக்கட்டும். அங்கே குறுகிய கீற்றை வைத்தால், நான்கு சதுரங்கள் சந்திக்கும் இடத்தில் தையல்மேல் தையல் ஏறி ஊசி உடையும் அளவுக்குத் தடித்துவிடும்.

பதில் – தாராவியிலிருந்து

தையல் கூடம் நடத்துபவன் என்ற முறையில் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பருத்தியையும் பாலியெஸ்டரையும் ஒரே சதுரத்தில் கலக்காதீர்கள். பருத்திக்குத் தேவையான சூட்டில் இஸ்திரி போட்டால் பாலியெஸ்டர் சுருண்டுவிடும். துவைக்கும்போது பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. ஐயமுள்ள கீற்றிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலானால் அது பருத்தி; உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் பாலியெஸ்டர். டூ பை டூ என்று நாம் வாங்கும் துணியிலும் கலப்பு உண்டு என்பதால் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஜரிகைக் கரையை அடிக்கடி துவைக்கும் போர்வையில் சேர்ப்பது வீண், உடலையும் உறுத்தும். சிவப்பு, கருநீலம் ஆகிய நிறங்களின் ஈரத் துண்டை வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரியால் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.

பதில் – டோம்பிவிலியிலிருந்து

மாட்டுங்கா அன்பர் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். எனினும் அடுக்குகளைச் சேர்த்துக் கையால் தையலோட்டம் போட விரும்புபவர்களுக்குத் தாளே நல்லது என்பது என் கருத்து. அடித்துணி இருந்தால் ஊசி ஒரு அடுக்கைக் கூடுதலாகத் துளைக்க வேண்டும். கீற்றுகளின் மடிப்புகள் நெருக்கமாக வரும் இந்த முறையில் அது விரலை மிகவும் வருத்தும். தாள் வைப்பவர்கள் தையல் நீளத்தை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொண்டால் தாள் எளிதாகக் கிழியும். சதுரங்களை இணைத்து முடிக்கும் முன் தாளை எடுத்துவிடக் கூடாது; எடுத்தால், மேலே சொன்ன கிராஸ் ஓரம் இழுபடத் தொடங்கிவிடும். செய்தித்தாளைத் தவிர்த்துவிடுங்கள், இஸ்திரிச் சூட்டில் அதன் மை வெளிர்நிறத் துணியில் ஏறும். அமெரிக்காவில் முற்காலத்தில் செய்தித்தாள்களையும் பழைய கடிதங்களையும் அடியாக வைத்துத் தைத்தார்கள். முடிக்கப்படாமல் நின்றுபோன சதுரங்களில் அந்தத் தாள் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதில் அச்சான தேதியைக் கொண்டே அவற்றின் காலத்தைக் கணிக்க முடிகிறது.

கீற்றுகளின் அகலம் ஒன்றுபோல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடைகளிலிருந்து தைத்த கோணல்மாணலான போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. சமமின்மையே இவ்வகைப் போர்வைக்கு உயிர். நம் அக்கம்பக்கத்து மராட்டியப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் கோதடியைப் பார்த்தாலே அது விளங்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இயந்திரத்தில்தான் தைக்கப் போகிறேன் என்பதால் வேட்டியையே அடியாக வைக்கிறேன். ஒருவர் படுக்கும் அளவுக்கு எத்தனை சதுரங்கள் தேவைப்படும்? அடுக்குகளை எப்படிப் பிணைப்பது?

பதில் – மாட்டுங்காவிலிருந்து

எட்டரை அங்குலச் சதுரம் இணைத்தபின் எட்டு அங்குலமாக நிற்கும். அகலத்துக்கு ஆறு, நீளத்துக்குப் பத்து என 60 சதுரங்கள் வைத்தால் 48க்கு 80 அங்குலம் கிடைக்கும். சுற்றிலும் ஆறு அங்குலக் கரை வைத்தால் 60க்கு 92. இரண்டு பக்கமும் இரட்டைப்படை எண்ணிக்கையாக இருப்பது நல்லது, ஏனெனில் நான்கு சதுரங்களைத் திருப்பி வைத்தால்தான் ஒரு முழு வைரக்கட்டம் அமையும். எல்லாச் சதுரங்களிலும் நடுக் கீற்றை ஒரே நிறத்தில், ஒரே அகலத்தில் வைத்தால் அந்தக் கட்டங்கள் தெளிவாக எடுத்துத் தெரியும். அதற்கு மட்டும் பழைய புடவை ஒன்றைக் கீற்றாக வெட்டிக்கொள்ளுங்கள். சதுரங்களை இணைக்கும் தையல்களை ஒரு பக்கமாக மடிக்காமல் இரண்டாகப் பிரித்து இஸ்திரி போடுங்கள். முதுகுப் புடவையோடு பிணைக்க, சதுரங்கள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும், சதுரத்தின் நடுவிலும் தடித்த பருத்தி நூலால் இரட்டை முடிச்சு இட்டால் போதும். பஞ்சு இல்லாததால் உள்ளே நகர்வதற்கு ஒன்றுமில்லை.