சனிக்கிழமை லிஸ்ட் (பெரியப்பா இல்லாத குரூப்)

அனு: பெரியப்பா ரிட்டையர்மெண்ட் அன்னைக்கு ராத்திரி பெரிய திரையில ராக் கச்சேரி வீடியோ போடறோம். மொத்தம் ஒரு மணி நேரம்தான். அவங்கவங்களுக்குப் பிடிச்சதை இங்க சொல்லுங்க. இந்த குரூப்ல மட்டும், ப்ளீஸ்

சுதா சித்தி: குயீன் பேண்டு. 1985 லைவ் எய்ட் கச்சேரி

முரளி சித்தப்பா: 👍

கார்த்தி: கிட்டாரிஸ்ட் ஹெண்ட்ரிக்ஸ், வுட்ஸ்டாக் இசை விழா. 4கே, 60 பிரேம்ல ஒண்ணு கிடைச்சிருக்கு. அனுப்பறேன்

ரகு மாமா: அனுப்பாதே. அது 1969ல நொடிக்கு 24 பிரேம்ல எடுத்த ஃபிலிம். மீதி 36 பிரேமும் மெஷின் கற்பனை. கை வேகமா ஸ்ட்ரம் பண்ற இடத்துல நிறுத்திப் பாரு, விரலெல்லாம் மெழுகு மாதிரி உருகி ஒட்டியிருக்கும். முகத்துல ஒரு சுருக்கம் இருக்காது. பழைய ஃபிலிம்னா அந்தப் பொடிப்பொடியான துகள் தெரியணும், அதுதான் அழகு. டிவியோ புரொஜெக்டரோ, அதுலயும் இதே மாதிரி நடுவுல பிரேம் சேர்க்கற மோஷன் ஸ்மூத்திங்னு ஒரு செட்டிங் இருக்கும், அணைச்சிடுங்க

கார்த்தி: சரி

சுதா சித்தி: ரெண்டே வரில சொல்றேன்னு போன தடவை சத்தியம் பண்ணீங்களே அண்ணா

முரளி சித்தப்பா: ஹெண்ட்ரிக்ஸ் போட்டா நம்ம ரிட்டையர்மெண்ட் அண்ணன் மறுபடி ஆரம்பிப்பார். வீடியோவோட சேர்ந்து கிட்டார் வாசிச்சா சுருதி சேரலைன்னு

ரகு மாமா: சேராது. ரெண்டு காரணம். ஹெண்ட்ரிக்ஸ் ஆறு தந்தியையும் அரைஸ்வரம் இறக்கிக் கட்டுவார். அது ஒண்ணு. அடுத்தது பால்

அனு: பாலா?

சுதா சித்தி: யாருக்கு பால்?

ரகு மாமா: குடிக்கிற பால் இல்லம்மா. ஐரோப்பிய டிவி முறை, நொடிக்கு 25 பிரேம். 24ல எடுத்த ஃபிலிமை அப்படியே 25ல ஓட்டினா 4 சதவீதம் வேகமாகும். சுருதியைச் சரி பண்ணாம விட்டா முக்கால் அரைஸ்வரம் ஏறிடும். ஹெண்ட்ரிக்ஸ் ஒண்ணு இறக்கினார், இது முக்கால் ஏத்துது. சாதாரணமா கட்டின கிட்டாரும் சேராது, இறக்கிக் கட்டினதும் சேராது, நடுவுல தொங்கும். பழைய டிவிடியிலிருந்து எடுத்துப் போட்டதுல இது நிறைய. காப்பிரைட்ல மாட்டாம இருக்க வேணும்னே வேகத்தை மாத்திப் போடறவங்களும் உண்டு. கண்டுபிடிக்க ஈசி: அதிகாரபூர்வ சேனல்ல இருக்கிறதோட நீளத்தை ஒப்பிடு. 11 நிமிஷப் பாட்டு 26 நொடி குறைஞ்சிருந்தா இதுதான் சங்கதி

முரளி சித்தப்பா: அப்ப அண்ணன் காது சரியாத்தான் இருக்கு

சுதா சித்தி: அவர் காது எப்பவும் சரி. கிட்டார்தான் அவர்கிட்ட இல்ல. அது எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

முரளி சித்தப்பா: இங்க வேண்டாம்

அனு: லிஸ்ட் ப்ளீஸ் 🙏

கார்த்தி: சந்தானா பேண்டு, சோல் சாக்ரிஃபைஸ் பாட்டு. அதுவும் வுட்ஸ்டாக். ட்ரம்ஸ் சோலோவுக்காகவே போடலாம்

ரகு மாமா: சபாஷ். 1969 ஆகஸ்ட் 16. அவங்க முதல் ஆல்பம்கூட அப்ப வெளிவரல. அந்த ட்ரம்மர் மைக்கேல் ஷ்ரீவுக்கு வயசு 20

சுதா சித்தி: 20. கார்த்தி, படிச்சியா?

கார்த்தி: அம்மா

முரளி சித்தப்பா: டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பேண்டு. சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங் பாட்டு. லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கம், 1983

ரகு மாமா: ஆல்கெமிங்கற கச்சேரிப் படம். 11 நிமிஷம். மார்க் நாப்ளர் பிக் (தந்தியை மீட்டற சின்னத் தகடு) இல்லாம வெறும் விரல்லயே கிட்டார் வாசிக்கிறார், வலது கை க்ளோஸ்-அப்ல நல்லாத் தெரியும். ஓகே

அனு: குயீன் எந்த வீடியோ? பத்து இருக்கு

ரகு மாமா: 4:3 சதுரமா இருக்கிறதை எடு. 1985 டிவி கேமரா அந்த வடிவம்தான். அகலத் திரைக்காக மேலயும் கீழயும் வெட்டினதுல உயரத்துல கால்வாசி போயிடும். ரேடியோ கா கா பாட்டுல 70,000 பேருக்கு மேல கையைத் தூக்கித் தட்டற இடம்தான் அந்த 21 நிமிஷத்துக்கே உயிர். வெட்டினா கை போச்சு. இழுத்து நீட்டினது அதைவிட மோசம், பாடகர் ஃப்ரெடி குண்டாத் தெரிவார். அவர் நடக்கும்போது ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு வந்தா அது இன்டர்லேஸ் (ஒண்ணுவிட்டு ஒண்ணாக் கோடுகளைக் காட்டற பழைய டிவி முறை) சரியாப் பிரிக்காதது, அதையும் தள்ளு

சுதா சித்தி: சரி அண்ணா. சதுரம்

அனு: என்னோடது ப்ரின்ஸ். வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ், 2004

ரகு மாமா: 2021ல டைரக்டரே ப்ரின்ஸ் க்ளோஸ்-அப் கூட்டி மறுபடி எடிட் பண்ணிப் போட்டார், அதை எடு. முதல் மூணரை நிமிஷம் ப்ரின்ஸ் ஓரத்துலதான் நிப்பார், பொறுமையா இருங்க. அந்தப் பாட்டை எழுதின ஜார்ஜ் ஹாரிசனோட பையன் தானியும் மேடையில இருப்பார், அவர் முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க

கார்த்தி: கடைசில கிட்டாரை மேல தூக்கிப் போடுவார். கீழ வர்றதே தெரியாது

சுதா சித்தி: நம்ம வீட்லயும் ஒரு கிட்டார் அப்படித்தான் போச்சு

முரளி சித்தப்பா: 🙂

ரகு மாமா: பிங்க் ஃப்ளாய்ட் பேண்டோட பாம்பெய் படம் இல்லாம லிஸ்ட்டா? 1971, காலி அரங்கம், ஒரு ரசிகர் கிடையாது. 2025ல 4கேல புதுப்பிச்சது நிஜமா ஃபிலிம்லேர்ந்து ஸ்கேன் பண்ணினது, கார்த்தியோட மெழுகு பொம்மை இல்ல. அதுல எக்கோஸ் பாட்டு முழுசா வேணும்

அனு: எவ்ளோ நேரம் மாமா?

ரகு மாமா: ரெண்டு பாகமும் சேர்த்து 24 சொச்சம்

அனு: குயீன் 21, சுல்தான்ஸ் 11, ப்ரின்ஸ் 6. 38 ஆச்சு. எக்கோஸ் போட்டா 62. சந்தானாவும் ஹெண்ட்ரிக்ஸும் காலி

கார்த்தி: எக்கோஸ் முதல் பாகம் மட்டும். படமே அதை ரெண்டா உடைச்சு முதல்ல ஒண்ணு, கடைசில ஒண்ணுன்னுதானே வெச்சிருக்கு

ரகு மாமா: யோசிக்கிறேன்

சுதா சித்தி: ஸ்பீக்கர் நான் கொண்டு வர்றேன். ப்ளூடூத்

ரகு மாமா: ப்ளூடூத் வேண்டாம்! படம் புரொஜெக்டர்ல, சத்தம் ப்ளூடூத்லன்னா சத்தம் பிந்தும். பாடறவர் வாய்ல தெரியாட்டியும் ட்ரம்ஸ்ல குச்சி விழுந்த அப்புறம் சத்தம் வரும். சந்தானா சோலோ நாசம். லேப்டாப்லேர்ந்து ஸ்பீக்கருக்கு ஒயர், புரொஜெக்டருக்கு எச்.டி.எம்.ஐ. இன்னொண்ணு, யூடியூப் சத்தமான வீடியோவைக் குறைக்கும், மெல்லிசா இருக்கிறதை ஏத்தாது. அதனால வால்யூம்கிட்ட ஒருத்தர் உட்காரணும். ஆட்டோபிளே ஆஃப்

அனு: எச்.டி.எம்.ஐ. கேபிள் நீளமா யார்கிட்ட இருக்கு? பத்து மீட்டராவது வேணும்

முரளி சித்தப்பா: என்கிட்ட இருந்துச்சு. அண்ணன் வாங்கிட்டுப் போனார். திரும்பி வரல

சுதா சித்தி: அப்ப கணக்கு நேர்

அனு: அவர்கிட்ட என்னன்னு சொல்லிக் கேக்கறது?

ரகு மாமா தட்டச்சு செய்கிறார்…