Re: கவுண்டிக்கு ‘மாவட்டம்’ சரியா வராது, ‘கூற்றம்’னு வச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம்,

அமெரிக்காவுல மாநிலத்துக்குள்ள வர்ற ‘கவுண்டி’ங்கற நிர்வாகப் பிரிவுக்கு, மாவட்டத்துக்குப் பதிலா, சோழர் காலத்து நிலப்பிரிவுப் பேரான ‘கூற்றம்’னு தமிழ்ல வைக்கலாம்னு நான் சொன்னேன். அதுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> கவுண்டின்னா நம்ம மாவட்டம் தானே, இதுக்கு எதுக்குப் புதுச் சொல்லு, இருக்கறதையே போட்டுட்டுப் போலாமே

ஐயா கேட்டது நியாயமான கேள்வி, நானும் போன மாசம் வரைக்கும் அப்படித்தான் போட்டுட்டிருந்தேன். டெக்சாஸ்ல இருக்கற லவிங் கவுண்டியப் பத்தி எழுத உக்காந்தப்பதான் சிக்கல் புரிஞ்சுது. பெரிய ஊரெல்லாம் இல்ல அது, 2020 சென்சஸ்படி மொத்த ஜனத்தொகையே 64 பேர், ஆனா பரப்பளவு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர், பாலைவனக் காடு, பீகோஸ் ஆறு ஒரு ஓரமாப் போகுது, மத்தபடி எண்ணெய்க் கிணறுங்கதான். மென்டோன்னு ஒரு சின்ன ஊரு தலைமையிடம். அந்த ஊருக்குன்னு தனியா நகராட்சியோ பஞ்சாயத்தோ கிடையாது, ரோடு போடறதுலேருந்து வரி போடற வரைக்கும் எல்லாத்தையும் கவுண்டியே பாத்துக்குது.

அங்க கவுண்டி ஜட்ஜ்னு ஒருத்தர் இருக்கார். நான் ‘மாவட்ட நீதிபதி’ன்னு போட்டேன். அடுத்த வரியில கமிஷனர்ஸ் கோர்ட், அதை ‘ஆணையர் நீதிமன்றம்’னு போட்டேன். படிச்சுப் பாத்தா அந்தக் கோர்ட்டு பட்ஜெட் போடுது, வரி விகிதம் முடிவு பண்ணுது, ரோடு ரிப்பேருக்குக் காசு ஒதுக்குது. அது கோர்ட்டே இல்லைங்க, நிர்வாகக் குழு. 1876 டெக்சாஸ் அரசியலமைப்புலேருந்து வர்ற ஏற்பாடு, நாலு கமிஷனர், தலைவரா கவுண்டி ஜட்ஜ், அஞ்சு பேருமே ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறவங்க. ஜட்ஜ் சின்னச் சின்ன வழக்கும் உயில் விவகாரமும் பாப்பார்ங்கறது உண்மைதான், ஆனா அவர் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல, முதல் வேலை நிர்வாகம். நம்ம ஆளுங்க ‘மாவட்ட நீதிபதி’ன்னு படிச்சா கருப்புக் கோட்டுப் போட்ட செஷன்ஸ் ஜட்ஜ்தான் மனசுல வருவார், விஷயம் தலைகீழாப் போயிடும்.

இதை விடப் பெரிய முட்டல் இன்னொண்ணு. அங்க டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுன்னு தனியா ஒண்ணு இருக்கு, லவிங், ரீவ்ஸ், வார்டு மூணு கவுண்டிக்கும் சேத்து ஒரே டிஸ்ட்ரிக்ட். அதாவது டிஸ்ட்ரிக்ட் பெருசு, கவுண்டி சிறுசு! கவுண்டிய மாவட்டம்னு போட்டுட்டா டிஸ்ட்ரிக்டை என்னன்னு எழுதுவீங்க? ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேற வரும்.

சொல்லு முட்டறது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு உறுத்தறது உள்ளடக்கம். நம்ம மாவட்டம் கம்பெனி காலத்துல நிலவரி வசூலிக்க மேலேருந்து இறக்கின அமைப்பு, கலெக்டர்ங்கற பேரே வசூல் பண்றவர்னுதான் அர்த்தம், இன்னிக்கும் அவரை அரசாங்கம் போஸ்டிங் போட்டு அனுப்புது, மாத்துது. லவிங்ல யாரையும் மேலேருந்து அனுப்பறதில்ல. ஷெரிஃப் வரைக்கும் தேர்தல்தான், அதுலயும் 10,000 பேருக்குக் கீழ இருக்கற கவுண்டியில பொதுவா ஷெரிஃபே வரி வசூலும் பாத்துக்கணும்னு விதி. போலீசும் அவரே, கலெக்டரும் அவரே, ரெண்டுக்கும் ஓட்டு. இப்படிப்பட்ட அமைப்பை மாவட்டம்னு சொன்னா பாதி விஷயம் காணாமப் போயிடுதே.

மாநிலத்துக்கு அதிகாரமே இல்லன்னு சொல்ல வரல. 1887ல டாம் கிரீன் கவுண்டியப் பிரிச்சு லவிங்னு எல்லை போட்டதே டெக்சாஸ் சட்டமன்றம்தான். 1893ல நிர்வாகம் அமைச்சாங்க, அது பாசனக் கால்வாய் வெட்டறோம்னு வந்தவங்க பண்ணின ஏமாத்து வேலைன்னு தெரிஞ்சு 1897ல சட்டமன்றமே கலைச்சு ரீவ்ஸோட சேத்துடுச்சு. அப்புறம் எண்ணெய் கிடைச்சு ஆளுங்க வந்ததும் 1931ல திரும்ப அமைச்சாங்க, டெக்சாஸோட 254 கவுண்டியில கடைசியா அமைஞ்சது இதுதான். ஆக, உருவாக்கறதும் கலைக்கறதும் மேல, நடத்தறது உள்ளூர். இந்த ரெண்டும் சேந்த மாதிரி சொல்லு வேணும்.

‘கோட்டம்’ நல்ல பழைய சொல்லு, தொண்டைமண்டலத்துக் கோட்டங்கள் நமக்குத் தெரிஞ்சதுதான், ஆனா வருவாய் கோட்டம், ரயில்வே கோட்டம், மின்வாரியக் கோட்டம்னு அது ஏற்கனவே நிரம்பிக் கெடக்கு. ‘நாடு’ம் பழைய பிரிவுப் பேருதான், ஆனா இன்னிக்கு தேசம்னு ஆயிடுச்சு. அதனாலதான் நான் ‘கூற்றம்’னு சொல்றேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ‘பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்’னு வருது. மேல வளநாடு, நடுவுல கூற்றம், கீழ ஊரு. மாநிலம், கவுண்டி, ஊருன்னு அடுக்கறதுக்கு அப்படியே பொருந்துது. அந்த அளவுல நாட்டார்னு உள்ளூர் சபை இருந்து வரி, நில விவகாரமெல்லாம் பாத்தாங்க. நாட்டார் ஓட்டு வாங்கி வந்தவங்க இல்ல, நிலம் வச்சிருந்தவங்க, அதை மறைக்க வேண்டாம். ஆனா உள்ளூர் ஆளே உள்ளூரைப் பாத்துக்கறதுங்கற சாயல் இந்தச் சொல்லுல இருக்கு, மாவட்டத்துல இல்ல.

> கூற்றம்னா எமன் இல்லையா? தேவாரத்துலயே கூற்றுன்னா அதானே. படிக்கறவங்க பயந்துடுவாங்க

இதுக்கு ரொம்ப யோசிச்சேன் அக்கா. தனியா நின்னா எமன்தான், மறுக்கல. ஆனா கல்வெட்டுல பொதுவா தனியா நிக்காது, ஆவூர்க் கூற்றம், தஞ்சாவூர்க் கூற்றம்னு ஊர்ப்பேரை ஒட்டித்தான் வரும், அப்ப யாரும் எமனை நினைக்கல. நாமளும் லவிங் கூற்றம், ரீவ்ஸ் கூற்றம்னு பேரோட ஒட்டியே எழுதுவோம். லூசியானா மாநிலத்துல கவுண்டிய பாரிஷ்னு சொல்றதுக்கும் இதையே போடலாம், பேருதான் வேற, வேலை ஒண்ணுதான். சீனாவுல சியன்னு ஒரு நிர்வாகப் பிரிவு இருக்கு, அதை ஆங்கிலத்துல கவுண்டின்னு எழுதறாங்களேன்னு அதுக்கும் இதையே ஒட்ட வேண்டாம், அங்க மேலேருந்து கட்சி முடிவு பண்றதுதான், மாவட்டம்னே இருக்கட்டும்.

கமிஷனர்ஸ் கோர்ட்டுக்குக் ‘கூற்றவை’, கவுண்டி ஜட்ஜுக்குக் ‘கூற்றவைத் தலைவர்’னு வச்சிருக்கேன். ஷெரிஃபை அப்படியே விட்டுடலாம், மெட்ராஸ்ல கௌரவப் பதவியா இருந்த பேரு, காதுக்குப் பழகினதுதான்.

மிச்சம் இருக்கறது பிரீசிங்க்ட். கவுண்டிய நாலா பிரிச்சு ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு கமிஷனர் வர்றாங்களே, அந்தப் பிரிவு. உத்திரமேரூர் கல்வெட்டுல ஊரை முப்பது ‘குடும்பு’ன்னு பிரிச்சு ஒவ்வொண்ணுலேருந்தும் ஆள் எடுத்தாங்க, அது குடவோலைச் சீட்டு, இது ஓட்டு, அந்த வித்தியாசம் இருக்கு. இருந்தாலும் குடும்புன்னு போடலாம்னு தோணுது, ஆனா வேகமாப் படிக்கறப்ப ‘குடும்பம்’னு கண்ணு மாறிடுமோன்னு ஒரு தயக்கம். கல்வெட்டு படிக்கறவங்க யாராவது இதுக்கு ஒரு வழி சொல்லுங்க, மத்ததை அதுக்கப்புறம் நம்ம சொற்பட்டியல்ல ஏத்திடறேன்.